குடிக்கிற தேநீர் வேறு, விழுங்குகிற தேநீர் வேறு

கடிதம் எழுதியிருப்பவருக்கு 44 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலை. தைராய்டு சுரப்புக் குறைவுக்குச் சில ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவருகிறார். ஏழு மாதங்களுக்கு முன், எடை குறையவும் ‘உடம்பில் சேர்ந்த நச்சு வெளியேறவும்’ ஒரு புது வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறார். காலை எழுந்ததும் தைராய்டு மாத்திரையும் கறுப்புக் காபியும் ஒன்றாக. மூன்று வேளையும் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு கோப்பை கிரீன் டீ. மாலை ஆறு மணிக்கு இன்னொரு காபி. காலையும் மாலையும் வெறும் வயிற்றில் கிரீன் டீ சத்து கேப்சூல் ஒவ்வொன்று. படுக்கும் முன் 40 கிராம் டார்க் சாக்லேட்.

இதற்கிடையே ரத்தசோகை என்று தெரிந்து இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அதை மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிரீன் டீயோடு விழுங்குகிறார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.6இலிருந்து 9.8 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் ஏறிக்கொண்டே போவதால் தைராய்டு மாத்திரையின் அளவை இரண்டு முறை கூட்டியிருக்கிறார்கள். கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி 74. அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 40. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, அவ்வப்போது படபடப்பு. காபி புற்றுநோயைக் கொண்டுவரும் என்று கணவர் சொல்கிறாராம். கடைசியில் கேட்கிறார்: “எனக்கு ஆன்டிஆக்சிடன்ட் போதவில்லையோ? கேப்சூலை மூன்றாக்கலாமா? காபியை நிறுத்திவிட்டு சாக்லேட்டைக் கூட்டலாமா? 14 வயது மகளுக்கும் கிரீன் டீ பழக்கலாமா?”

உங்கள் கடிதத்தில் பிடித்த விஷயம், எதை எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று நேரம் போட்டு எழுதியிருப்பதுதான். பாதி பதில் அந்த நேரங்களிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அவசரமான ஒன்று.

கேப்சூலை இன்றே நிறுத்துங்கள்

மூன்றாக்குவது இருக்கட்டும், இரண்டும் வேண்டாம். கிரீன் டீயில் இருக்கும் முக்கியமான தாவரப் பொருள்களுக்குக் கேட்டசின்கள் என்று பெயர். அவற்றில் அதிகம் இருப்பதும் அதிகம் பேசப்படுவதும் இஜிசிஜி. இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும்போது ஒரு கோப்பையில் இது பத்துகளில் தொடங்கி நூறு மில்லிகிராம் அளவுக்குள் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலும் சாப்பாட்டை ஒட்டி உள்ளே போகும். கேப்சூலில் அதே பொருளை அடர்த்தியாக்கி ஒரே தடவையில் தருகிறார்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் ரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்காகிறது. ‘வெறும் வயிற்றில்தான் நன்றாக வேலை செய்யும்’ என்று உங்களுக்குச் சொன்னவர் ஒரு விதத்தில் பொய் சொல்லவில்லை. அந்த வேலை கல்லீரலிலும் நடக்கிறது என்பதைத்தான் விட்டுவிட்டார்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதை ஆராய்ந்தது. ஊறவைத்துக் குடிக்கும் கிரீன் டீ பொதுவாகப் பாதுகாப்பானது. கேப்சூல், மாத்திரை வடிவில் நாளுக்கு 800 மில்லிகிராம் இஜிசிஜியும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்தன என்றது. அதற்காக 800க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைவிடக் குறைந்த அளவிலும் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். உங்கள் டப்பாவில் ‘கிரீன் டீ சத்து 500 மி.கி.’ என்று மட்டும் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் இஜிசிஜி எவ்வளவு, காஃபீன் எவ்வளவு என்று அந்த எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் எஸ்ஜிபிடி உயர்வுக்குக் கேப்சூல்தான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. கல்லீரலில் கொழுப்பு, வைரஸ் தொற்று, வேறு மருந்துகள், ஏன், கட்டுப்படாத தைராய்டு குறைவேகூட இதைச் செய்யலாம். கேப்சூலை நிறுத்தி நான்கு வாரம் கழித்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். குறைந்திருந்தால் பெரிய துப்பு கிடைத்த மாதிரி. குறையாவிட்டால் மற்ற காரணங்களைத் தேட வேண்டும். குறைந்துவிட்டதே என்று மறுபடி ஒரு தடவை எடுத்துப் பார்க்கும் சோதனை மட்டும் கூடாது; இரண்டாம் முறை பாதிப்பு வேகமாகவும் கடுமையாகவும் வரக்கூடும். இந்த நான்கு வாரத்துக்குள் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடும் நிறத்தில் போனாலோ, வாந்தியும் வலது மேல் வயிற்றில் வலியும் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, ஆன்டிஆக்சிடன்ட், அதாவது செல்களைச் சேதத்திலிருந்து காப்பதாகச் சொல்லப்படும் பொருள், போதவில்லையோ என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சோதனைக் குழாயில் ஒரு உணவின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளந்து எண் கொடுக்கும் ஒரு முறை இருந்தது. அமெரிக்க வேளாண் துறையே அப்படி ஒரு பெரிய பட்டியலை வெளியிட்டிருந்தது. 2012இல் அதை அவர்களே எடுத்துவிட்டார்கள். அந்த எண்களுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பில்லை, விற்பனைக்குத்தான் தவறாகப் பயன்படுகின்றன என்றார்கள். கேட்டசின் போன்ற தாவரப் பொருள்களுக்குப் பொதுப்பெயர் பாலிஃபீனால்; நீங்கள் குடிக்கும் பாலிஃபீனால்களில் கொஞ்சம்தான் சிறுகுடலில் நேரடியாக உறிஞ்சப்படுகிறது. மீதி பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் உடைக்கப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் உருமாற்றிச் சில மணி நேரங்களில் வெளியே அனுப்பிவிடுகிறது. உடம்பு அவற்றைச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. ஆகவே ‘குறைவாக இருக்கிறது, நிரப்ப வேண்டும்’ என்று கணக்குப் பார்க்க இங்கே எதுவும் இல்லை. நச்சு வெளியேற்றம் என்று சொல்கிறீர்களே, அதைச் செய்யும் உறுப்பு கல்லீரல். இப்போது சிரமப்படுவதும் அதுதான்.

ஏறாத ஹீமோகுளோபின்

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஆறிய தேநீரை ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, உங்கள் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றை நசுக்கிப் போடுங்கள். பெரும்பாலான மாத்திரைகளில் இருக்கும் இரும்பு உப்பு கரையக் கரையத் தேநீர் கறுத்து மை போல ஆகிவிடும். பழைய காலத்தில் எழுதுவதற்கு மை செய்ததும் இதே வேதியியலில்தான்: தாவர டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் கோப்பையில் நடப்பதுதான் மதியம் உங்கள் வயிற்றிலும் நடக்கிறது. பாலிஃபீனாலோடு பிணைந்துவிட்ட இரும்பைக் குடலால் உறிஞ்ச முடியாது.

1999இல் வந்த ஓர் ஆய்வில், ரொட்டி உணவோடு கறுப்புத் தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. அதே ஆய்வில் கொக்கோ பானம் 71 சதவீதம் குறைத்தது. பால் சேர்த்தும் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. காபி இந்த விஷயத்தில் தேநீரைவிடக் கொஞ்சம் மென்மையானது, ஆனால் அதுவும் குறைக்கத்தான் செய்கிறது. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி இரும்பைத் தொடவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதும் தடுத்தது என்று இன்னொரு பழைய ஆய்வு காட்டியது. முன்னால் குடித்த காபி வயிற்றை விட்டுப் போயிருக்கும், பின்னால் வரும் காபிக்காகச் சாப்பாடு இன்னும் அங்கே காத்திருக்கும்.

இது பெரும்பாலும் தானியம், பயறு, கீரை, மாத்திரை ஆகியவற்றில் இருக்கும் இரும்புக்குப் பொருந்தும். இறைச்சியில் ‘ஹீம்’ வடிவில் இருக்கும் இரும்பை இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. வைட்டமின் சி இதற்கு நேரெதிர் வேலை செய்து உறிஞ்சுதலைக் கூட்டும். மாத்திரையைத் தண்ணீரோடு, முடிந்தால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் எடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ, காபி, கொக்கோ எதுவும் வேண்டாம். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம், மாத்திரையையே விட்டுவிடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களைத் திருத்த வேண்டும். ‘கிரீன் டீயால்தான் எனக்கு ரத்தசோகை வந்ததா’ என்று ஓர் இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்குத் தேநீர் மட்டுமே ஹீமோகுளோபினை 9.6 வரை இறக்குவது அரிது. 44 வயதில் முதலில் கேட்க வேண்டியது மாதவிடாய் பற்றி. ரத்தப்போக்கு முன்பைவிட அதிகமா, நாள்கள் கூடியிருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பலரும் ‘இந்த வயதில் அப்படித்தான்’ என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். குடலில் மெதுவாக ரத்தம் கசிவதும் ஒரு காரணமாக இருக்கலாம். தேநீர் உங்கள் மாத்திரையை வேலை செய்யவிடாமல் தடுத்திருக்கலாம். ரத்தம் குறைந்ததற்கு வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். நேரத்தை மாற்றி ஒழுங்காக எடுத்தால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது, அதாவது 9.8இலிருந்து 10.8 ஆகவாவது, ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரையை மாற்றச் சொல்லாதீர்கள், காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள்.

தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

உங்கள் தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் கொஞ்சம் செல்லமான மருந்து. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு எடுத்தால்தான் சரியாக உறிஞ்சப்படும். காபியோடு சேர்த்து எடுத்தால் உறிஞ்சப்படுவது குறைகிறது, அதுவும் நாளுக்கு நாள் ஒரே மாதிரி இருப்பதில்லை. இரும்பு மாத்திரையும் இதைத் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். அந்த இடைவெளி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. காபியை மட்டும் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுங்கள், போதும்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. காபியோடு எடுத்தபோது அரையும் குறையுமாகப் போய்ச் சேர்ந்த மருந்துக்குத்தான் அளவை இரண்டு முறை கூட்டியிருக்கலாம். இனி அது முழுதாக உறிஞ்சப்பட்டால் அதே அளவு உங்களுக்கு அதிகமாகிவிடக்கூடும். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் அதனாலும் வரும். அதனால் நேரத்தை மாற்றிய தேதியைக் குறித்துவையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் படபடப்பு கூடினால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அளவை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம்.

இரவு இரண்டு மணி

கிரீன் டீயில் காஃபீன் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. கறுப்புத் தேநீரும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான், பதப்படுத்தும் விதம்தான் வேறு. ஒரு கோப்பை கிரீன் டீயில் சுமார் 30 மில்லிகிராம், பெரிய கோப்பைக் காபியில் 95 அளவில் காஃபீன் இருக்கும். டார்க் சாக்லேட் 40 கிராமில் 30 வரும். கூட்டினால் உங்களுக்கு நாளுக்கு 300ஐத் தாண்டுகிறது, கேப்சூலில் இருப்பது தனி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை கவலை இல்லை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணிப்பு. ஆக, மொத்த அளவில் நீங்கள் வரம்பை மீறவில்லை. சிக்கல் நேரத்தில்தான். ஆறு மணிக்குக் காபி, ஒன்பதுக்குக் கிரீன் டீ, பத்துக்குச் சாக்லேட்!

காஃபீன் மூளையில் தூக்கத்தை வரவழைக்கும் அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு ஆகும். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னால் எடுத்த 400 மில்லிகிராம் காஃபீனே தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிட்டதாக 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. சாக்லேட்டில் தியோபுரோமின் என்று காஃபீனின் உறவுக்காரப் பொருள் ஒன்று இருக்கிறது. மூளையை அவ்வளவாக உசுப்பாது, ஆனால் உடம்பில் காஃபீனைவிட நீண்ட நேரம் தங்கும். உங்கள் 40 கிராமில் அது சுமார் 300 மில்லிகிராம்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் காஃபீன் எதுவும் வேண்டாம். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். தலைவலியும் சோர்வும் மறுநாளே வந்து நிற்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். முதலில் இரவு டீயும் சாக்லேட்டும், அடுத்த வாரம் மாலைக் காபி என்று இறக்குங்கள். படபடப்புக்கு ரத்தசோகையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், காபியைக் குறைத்தும் அது தொடர்ந்தால் ஓர் இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள்.

கணவர் சொல்வதும் சாக்லேட் விற்பவர்கள் சொல்வதும்

காபியும் புற்றுநோயும் என்று உங்கள் கணவர் எங்கோ படித்தது முழுக்கக் கற்பனை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1991இல் காபியைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தது. 2016இல் அதே முகமை கூடுதல் ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, அப்படிச் சொல்லப் போதிய சான்றில்லை என்று அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. அப்போது அவர்கள் எச்சரித்தது சூட்டைப் பற்றி: 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக வாய்ப்புண்டு. உங்கள் கணவர் தன் கோப்பையை எவ்வளவு சூடாகக் குடிக்கிறார் என்று கவனியுங்கள்.

காபி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவும் கல்லீரல் நோயும் குறைவாக இருப்பதாகப் பல பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. காஃபீன் நீக்கிய காபியிலும் இது தெரிவதால் குளோரோஜெனிக் அமிலம் போன்ற மற்றப் பொருள்களுக்கும் பங்கிருக்கலாம். ஆனால் இவை பெரும்பாலும் மக்களைக் கவனித்து எழுதியவை, மருந்துபோலக் கொடுத்துச் சோதித்தவை அல்ல. காபி குடிக்காதவரை நான் தொடங்கச் சொல்ல மாட்டேன், குடிப்பவரை நிறுத்தவும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: காபித்தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து, காகித வடிகட்டி இல்லாமல் குடித்தால் அதிலுள்ள கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் கெட்ட கொழுப்பைக் கூட்டும். காகிதம் அதைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்குக் கொலஸ்டிரால் கூடுதலாக இருந்தால் இது முக்கியம்.

சாக்லேட் விஷயத்தில் உண்மை பாதி, விளம்பரம் பாதி. கொக்கோவில் இருக்கும் ஃபிளேவனால்கள் என்ற பாலிஃபீனால்கள் ரத்தக்குழாய்களைத் தளர்த்துவது உண்மை. நாளுக்கு 200 மில்லிகிராம் ஃபிளேவனால் அந்த வேலைக்கு உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த 200 உங்கள் சாக்லேட்டில் இருக்கிறதா என்பது கட்டியின் நிறத்தை வைத்துத் தெரியாது. கசப்பைக் குறைக்கவும் நிறத்தைக் கருக்கவும் கொக்கோவைக் காரப் பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்துவார்கள். அப்போது ஃபிளேவனாலில் பெரும்பகுதி போய்விடும், தூள் மட்டும் பார்க்க இன்னும் கருப்பாக இருக்கும். உறையில் ‘அல்கலி கொண்டு பதப்படுத்தியது’ என்று இருக்கிறதா பாருங்கள்.

21,000க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளேவனாலோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2022இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய மொத்த இதய நிகழ்வுகள் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இதய நோய் மரணங்கள் மட்டும் 27 சதவீதம் குறைந்தன. நம்பிக்கை தருகிற முடிவுதான். ஆனால் அவர்கள் சாப்பிட்டது கேப்சூல், சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த சாக்லேட் அல்ல. உங்கள் 40 கிராமில் 240 கலோரி இருக்கிறது, எடை குறைக்கத் தொடங்கிய திட்டத்தில்! பிடித்தால் பகலில் ஓரிரு துண்டு சாப்பிடுங்கள், சுவைக்காக. கூட்ட வேண்டாம்.

மகளைப் பற்றி. வளரும் பிள்ளைகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபீன் வரை பெரிய கவலை இல்லை என்கிறார்கள். 45 கிலோ பெண்ணுக்கு 135. ஒரு கோப்பை கிரீன் டீ அதில் கால்வாசிகூட வராது. ஆனால் மாதவிடாய் தொடங்கிய வயதில் இரும்பின் தேவை கூடுவதால், ஆசைப்பட்டுக் கேட்டால் மாலையில், சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில் கொடுங்கள். ஆரோக்கியத்துக்காக என்று வற்புறுத்திப் பழக்க அதில் ஒன்றுமில்லை. உங்கள் கேப்சூல் டப்பா அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உங்கள் நாளை இப்படி வைத்துப் பாருங்கள். ஆறு மணிக்குத் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, ஏழு மணிக்குக் காபி, எட்டுக்குச் சாப்பாடு. பத்து மணிக்குள் ஒரு கிரீன் டீ. பன்னிரண்டுக்கு இரும்பு மாத்திரை, ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு. அதற்குப் பின் டீயும் காபியும் இல்லை. நான்காவது வாரம் கல்லீரல் பரிசோதனையும் ஹீமோகுளோபினும், ஆறு முதல் எட்டாவது வாரத்துக்குள் டிஎஸ்ஹெச். போகும்போது எனக்கு எழுதிய இதே பட்டியலையும் கேப்சூல் டப்பாவின் புகைப்படத்தையும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘இயற்கைப் பொருள்தானே என்று அவரிடம் சொல்லவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டியபோது கையில் இருந்திருக்க வேண்டிய தகவல் அது.